ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்: தட்டைத் திருப்பிப் பார்க்கும் ஊர்

அக்டோபர் 8, 2025, புதன் – ஹான்லி

பர்மிங்ஹாமில் இருக்கும் தம்பிக்கு நான் இந்த இங்கிலாந்துப் பீங்கான் ஊருக்கு வருவதில் துளியும் சம்மதமில்லை. "லீவுல யாராவது ஸ்டோக்குக்குப் போவாங்களா அக்கா? லேக் டிஸ்ட்ரிக்ட் போலாம், மலை இருக்கு, ஏரி இருக்கு" என்றான். எனக்குப் பீங்கான் பைத்தியம் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் அது இவ்வளவு முற்றியிருக்கும் என்று நினைக்கவில்லை போல. ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம்தான். ஏற்றிவிட்டுப் போய்விட்டான்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே வெண்கலத்தில் ஜோசையா வெட்ஜ்வுட், இந்த ஊரின் பேர்போன பீங்கான்காரர், கையில் ஒரு ஜாடியோடு. அவரைப் பார்த்துவிட்டு ஊரைத் தேடினால் ஊரைக் காணோம். ஸ்டோக் என்பது ஒரே ஊர் இல்லை. டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று வரிசையாக ஆறு ஊர்கள். 1910-இல் சேர்த்துக் கட்டினார்கள், 1925-இல் மாநகரம் என்ற பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்துக்கு இது நூறாவது ஆண்டு. ரயில் நிற்பது ஸ்டோக்கில், கடைத்தெரு இருப்பது ஹான்லியில். பெட்டியை இழுத்துக்கொண்டு தூறலில் மேடேறினேன்.

ஹான்லி கடைத்தெருவில் பூட்டிய கடைகள் நிறைய. கண்ணாடிக்குப் பின்னால் தூசி படிந்த அலமாரிகள். மத்தியானம் இரண்டு மணிக்கே சாயங்காலம் மாதிரி வெளிச்சம். பசி வேறு. ஓட்கேக் கடை ஒன்றில் நுழைந்தேன். இந்தப் பக்கத்துச் சாப்பாடு இது: ஓட்ஸ் மாவைப் புளிக்க வைத்துக் கல்லில் ஊற்றி எடுப்பது. பார்வைக்கும் தொட்டுப் பார்த்தாலும் அசல் கேழ்வரகு தோசை. உள்ளே சீஸும் காளானும் வைத்து மடித்துக் கொடுத்தார்கள், மூன்று பவுண்டுக்குச் சில்லறை மீதி வந்தது. பன்றி இறைச்சி வேண்டாம் என்றதும் கடைக்கார அம்மா ஒரு நொடி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சரி டக், சீஸ் கூட வச்சுத் தரேன்" என்று இன்னொரு பிடி போட்டார். டக் என்பது நம் 'கண்ணு' மாதிரி, இங்கே எல்லோரும் எல்லோருக்கும் டக். பஸ் ஓட்டுநர்கூட என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

அப்புறம் டீ குடிக்க இன்னொரு கடை. பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் கேக்கை முடித்தார், துகள்களைத் தட்டினார், தட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியில் இருந்த முத்திரையைப் படித்தார். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் என் தட்டையும் திருப்பச் சொன்னார். இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு. "இந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு இதுலயா சாப்பிடணும்?" என்றார். பர்ஸ்லத்தில் ராயல் டோல்ட்டனின் நைல் தெரு ஆலையில் வேலை பார்த்தவராம். அந்த ஆலை 2005-இல் மூடியது. இந்த ஊர்க்காரர்கள் கல்யாண விருந்தாக இருந்தாலும் தட்டைத் திருப்பாமல் விடமாட்டார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டார். எனக்கு டீயும் அவர்தான் வாங்கித் தந்தார், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன் – பர்ஸ்லம், மிடில்போர்ட்

காலையில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றேன். பலகையில் வருகிறது, வருகிறது என்று காட்டிக்கொண்டே இருந்து, பிறகு அந்த வரியே மறைந்துபோனது. அடுத்தது வந்தபோது குடை ஒரு பக்கம் உடைந்திருந்தது. கட்டணம் மூன்று பவுண்டு, எவ்வளவு தூரம் போனாலும் அதுதான், அதனால் மன்னித்தேன்.

பர்ஸ்லத்தைத் தாய் ஊர் என்கிறார்கள். வெட்ஜ்வுட் 1730-இல் பிறந்தது இங்கேதான். அவரும் கால்வாய்ப் பொறியாளர் பிரிண்ட்லியும் 1765-இல் உட்கார்ந்து கால்வாய் பற்றிப் பேசிய லெப்பர்ட் விடுதி 2022 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. அதே ஊரில் ராயல் ஸ்டாஃபர்ட் ஆலை இந்த ஆண்டு பிப்ரவரியில் மூடியது. பக்கத்தில் காப்ரிட்ஜில் மூர்க்ராஃப்ட் ஆலை ஏப்ரல் கடைசியில் மூடி 57 பேருக்கு வேலை போனது. பிறகு நிறுவனரின் பேரன் அதை வாங்கி மறுபடி திறந்திருக்கிறார். ஒரே வருடத்தில் இத்தனை. ஊரின் நடுவில் நின்று பார்த்தால் கட்டடங்கள் எல்லாம் அரண்மனை போல உயரமாக இருக்கின்றன, ஜன்னல்களில் பலகை அடித்திருக்கிறது.

சரி, மிடில்போர்ட். இறக்கத்தில் கால்வாயை நோக்கி நடந்தால் சிவப்புச் செங்கல் ஆலை. 1880-களின் கடைசியில் பர்ஜஸ் அண்ட் லீ நிறுவனம் கட்டியது, அவர்களுடைய பர்லீ என்ற பெயரில் இன்றும் இங்கேயே சாமான் செய்கிறார்கள். கட்டடம் இற்றுப்போய் விழுகிற நிலைக்கு வந்தபோது, 2011-இல் இளவரசர் சார்லஸின் அறக்கட்டளை அதை வாங்கியது. 90 லட்சம் பவுண்டு செலவில் சீர்செய்து 2014-இல் திறந்தார்கள். பாட்டில் வடிவில் கட்டிய ஏழு சூளைகளில் மிஞ்சியது ஒன்று.

எனக்குப் பிடித்தது, இதை அருங்காட்சியகமாக மாற்றிவிடாமல் விட்டது. ஆலை ஆலையாகவே ஓடுகிறது, நாம் ஓரமாக நின்று பார்க்கிறோம். அந்தக் காலத்தில் ஒரு பக்கம் கால்வாயிலிருந்து களிமண் இறங்கும், மறு பக்கம் வைக்கோல் வைத்துக் கட்டிய சாமான் அதே கால்வாயில் ஏறும், நடுவில் திரும்பி நடக்காமல் வேலை ஒரே திசையில் போகும்படி அன்றைக்கே திட்டமிட்டுக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக் களிமண் இந்த ஊரில் கிடையாது. அது கார்ன்வாலிலிருந்தும் டெவனிலிருந்தும் வர வேண்டும். இங்கே இருப்பது நிலக்கரி. ஒரு டன் மண்ணைச் சுட அதைப் போலப் பல மடங்கு கரி வேண்டும் என்பதால், கரியை மண்ணிடம் கொண்டு போவதைவிட மண்ணைக் கரியிடம் கொண்டு வருவது லாபம். ஆறு ஊர்களும் இங்கே முளைத்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

முக்கியமாகப் பார்க்க வந்தது அச்சு அறையை. செம்பு உருளையில் கையால் பொறித்த கோலம் இருக்கிறது. சாயத்தைச் சூடாக்கி உருளையில் பூசி, மெல்லிய டிஷ்யூ தாளில் அச்செடுக்கிறார்கள். தாள் ஈரமாக, பளபளவென்று வருகிறது. ஒரு பெண் அதைக் கத்தரியால் துண்டாக்குகிறார். அடுத்தவர் அந்தத் துண்டை ஒருமுறை சுட்ட, மெருகிடாத ஜாடியின் மேல் வைத்து ஒட்டுகிறார். தாள் தட்டை, ஜாடி வளைவு. கைப்பிடிக்கு அடியில், கழுத்தில், மூக்கில் எல்லாம் பூவோடு பூ சேர வேண்டும். ஒட்டும்போது நகர்த்தித் திருத்த முடியாது. பிறகு முரட்டுத் தூரிகையில் சோப்புத் தொட்டு அழுத்தித் தேய்க்கிறார், அறை முழுக்க அந்தச் சத்தம். தண்ணீரில் முக்கினால் தாள் போய்விடும், சாயம் மட்டும் ஜாடியில் நிற்கும். அதன் மேல் மெருகுக் கரைசலில் தோய்த்து மறுபடி சூளைக்குப் போகிறது.

நான் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு டீப்பாட்டுக்குத் தாள் ஒட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கை தானாகப் போகிறது. இணைப்பு எங்கே என்று கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தேடினேன், காணோம். "அடியில பார் டக்" என்றார். அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார்.

ஆலை அளவில் இந்த முறையைச் செய்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்றார் எங்களைக் கூட்டிப்போனவர். மற்ற எல்லோரும் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் டெக்காலுக்குப் போய்விட்டார்கள். தாள் ஒட்டுவதற்கு ஆள் பழக்கி எடுக்க வருடக்கணக்காகும். அதைவிட ஆள் கிடைக்காதது செம்பில் பொறிப்பதற்கு. இந்தத் தொழில் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த இடத்தில்தான். சூளை இடிந்தால் செங்கல் வைத்துக் கட்டிவிடலாம்.

மேலே அச்சுக் கிடங்கு. ஆயிரக்கணக்கான பிளாஸ்டர் அச்சுகள், தரையிலிருந்து கூரைவரை. எழுபது எண்பது வருடத்துத் தூசி. எது மூடி, எது மூக்கு என்று பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விட்டது. கீழே செகண்ட்ஸ் கடையில் சின்னப் பழுதோடு ஒரு நீலக் கிண்ணம் ஒன்பது பவுண்டு. பழுது எங்கே என்று கடைக்காரரே தேடிக் காட்ட வேண்டியிருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி – பார்லஸ்டன், ஸ்டோக்

வரைபடத்தில் 'வெட்ஜ்வுட்' என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அதை நம்பித் திட்டம் போட்டால் கதை முடிந்தது. அங்கே 2004-க்குப் பிறகு ரயில் நிற்பதில்லை. இதைச் சொன்னது விடுதியில் காலை உணவு பரிமாறிய பையன். "நிலையம் இருக்கு, ரயில்தான் இல்ல" என்று பெருமையாகச் சொன்னான். மறுபடி பஸ், மறுபடி மழை.

வெட்ஜ்வுட் ஆலை 1940-இல்தான் இந்தப் பசுமைக்கு நடுவில் வந்தது. 1769-இல் அவர் தொடங்கிய பழைய எட்ரூரியா ஆலையில் இன்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இங்கே புல்வெளி, கண்ணாடிக் கட்டடம், டீ அறை. ஸ்கோனும் டீயும் சேர்த்துக் கொடுத்த விலையில் முந்தாநாள் கடையில் ஒரு குடும்பமே ஓட்கேக் சாப்பிட்டிருக்கும்.

நான் வந்த நேரம் ஆலையில் உற்பத்தி நின்றிருந்தது. ஆர்டர் குறைந்ததால் செப்டம்பர் கடைசியிலிருந்து மூன்று மாதம் நிறுத்தம் என்று அறிவித்திருந்தார்கள். பெரும்பாலான சாமான் ஏற்கனவே இந்தோனேசியாவில்தான் செய்யப்படுகிறது.

அருங்காட்சியகம் வேறு விஷயம், அதற்காகவே வரலாம். ஜாஸ்பர் என்கிற அந்த வெளிர்நீலப் பொருளைக் கண்டுபிடிக்க வெட்ஜ்வுட் செய்து பார்த்த சோதனைத் துண்டுகள் தட்டுத் தட்டாக இருக்கின்றன. விரல் அகலத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் எண். அவருடைய ரகசியக் குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு என்ன கலவை, எந்தச் சூடு என்று இருக்கும். பக்கத்தில் 1787-இல் அவர் செய்த அடிமை ஒழிப்புப் பதக்கம், சங்கிலியோடு மண்டியிட்ட மனிதன். பளிங்கு போல வழவழப்பாக இருக்கும் பாத்திரங்களைவிட இந்தத் துண்டுகளும் இந்தச் சின்னப் பதக்கமும்தான் என்னை நிறுத்தின.

இந்தச் சேகரிப்பு ஏலத்துக்குப் போகப் பார்த்த கதை யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன். 2009-இல் தாய் நிறுவனம் திவாலானது. ஓய்வூதிய நிதியில் 13.4 கோடி பவுண்டு பள்ளம். அந்தத் திட்டத்தில் இருந்த ஏழாயிரம் பேரில் அருங்காட்சியகத்து ஆட்கள் ஐந்தே பேர். நிறுவனம் இல்லாமல் போனதால், சட்டப்படி மொத்தப் பள்ளமும் அருங்காட்சியகத்தின் தலையில் விழுந்தது. கடனுக்குச் சேகரிப்பை விற்கலாம் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2014-இல் ஆர்ட் ஃபண்ட் என்ற அறக்கட்டளை முன்னின்று 1.575 கோடி பவுண்டு திரட்டி மீட்டது, பொதுமக்கள் பத்தும் இருபதுமாக அனுப்பியது உட்பட. இப்போது உரிமை லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திடம், பொருட்கள் இங்கேயே.

மாலையில் ஸ்டோக்குக்குத் திரும்பினேன். ஸ்போட் ஆலை. வெள்ளைப் பீங்கானில் மெருகுக்கு அடியில் நீல அச்சு போடும் முறையை இங்கே 1784-இல் கைவசப்படுத்தினார்கள். எலும்புச் சாம்பல் பாதி, மற்றப் பாதி சீனக் களிமண்ணும் கல்லும் சேர்த்த போன் சைனாவுக்கு இன்றுள்ள பக்குவம் வந்ததும் இங்கேதான். 2008-இல் மூடினார்கள். பெயரை 2009-இல் போர்ட்மெய்ரியன் என்ற பீங்கான் நிறுவனம் வாங்கிக்கொண்டது. காலியான கூடங்களில் இப்போது கலைஞர்களின் பட்டறைகள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பிரிட்டிஷ் செராமிக்ஸ் பைனியல் கண்காட்சி. நல்ல வேலைகள் சில, புரியாதவை பல. ஒரு மூலையில் பள்ளிக் குழந்தைகள் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தார்கள், அது எந்தச் சிற்பத்தையும்விடக் கலகலப்பாக இருந்தது. கூடத்துக்குக் கூடம் கூரை ஒழுகி வாளி வைத்திருந்தார்கள்.

அக்டோபர் 11, சனி – லாங்டன்

வெயில்! அசல் வெயில்.

லாங்டனில் கிளாட்ஸ்டன் அருங்காட்சியகம். கருங்கல் பாவிய முற்றம், அதைச் சுற்றிப் பாட்டில் சூளைகள். ஒரு காலத்தில் இந்த ஆறு ஊர்களில் இரண்டாயிரம் சூளைகளாவது இருந்தன, இப்போது மிச்சம் 47. இந்த ஆலையும் 1970-களின் தொடக்கத்தில் இடிபட இருந்தது, உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து தடுத்தார்கள்.

வெளியே தெரியும் பாட்டில் வெறும் கூடுதான், காற்றை இழுக்கவும் மழையைத் தடுக்கவும். உள்ளே வட்டமாக இன்னொரு சூளை. அதன் கதவு வழியாக நுழைந்தால் சத்தம் அடங்கிவிடுகிறது, சுவரெல்லாம் சூட்டில் உருகிப் பளபளக்கிற செங்கல். சாமானை நேராகத் தீயில் வைக்க முடியாது, புகை படிந்துவிடும். அதற்காகத் தீக்களிமண்ணில் செய்த சாகர் என்ற பெட்டிகள். சூளைக்கு இரண்டாயிரம் பெட்டி வரை. நிரப்பியது ஒவ்வொன்றும் இருபது இருபத்தைந்து கிலோ. அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறி அடுக்குவார்கள், கையால் பிடிக்காமல். தலையில் என்ன வைப்பார்கள் என்று பார்த்தால் பழைய காலுறையைச் சுருட்டிய வளையம், தொப்பிக்கு உள்ளே. சும்மாடு! எங்கள் தெருவில் தண்ணீர்க் குடம் சுமந்தவர்கள் வைத்ததேதான். கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலர் என்னவென்று கேட்க, என் துப்பட்டாவைச் சுருட்டித் தலையில் வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவர் உடனே இன்னொரு காவலரையும் கூப்பிட்டார்.

அந்தப் பெட்டிகளுக்கு அடிப்பாகம் தட்டவே தனியாக ஒரு பையன். இரும்பு வளையத்துக்குள் மண்ணைப் போட்டு மரக்கட்டையால் அடித்துப் பரப்புவது அவன் வேலை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள்.

பத்துப் பதினைந்து டன் கரி, இரண்டு மூன்று நாள் தீ. சூளையைப் பார்த்துக்கொள்பவர் அத்தனை நேரமும் தூங்கமாட்டார். உளவு ஓட்டை வழியாக நிறத்தைப் பார்ப்பார், நடுநடுவே ஒரு மண் வளையத்தை வெளியே இழுத்து எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளப்பார். கணக்குத் தப்பினால் பல நூறு பேரின் உழைப்பு போச்சு. 1956-இல் வந்த தூய காற்றுச் சட்டத்தோடு கரிச் சூளைகள் அணையத் தொடங்கின, எரிவாயுவும் மின்சாரமும் வந்தன. கடைசியாக ஒருமுறை 1978-இல் இந்த அருங்காட்சியகத்துக்காரர்களே லாங்டனில் ஓர் ஆலைச் சூளையைப் பற்ற வைத்தார்கள். தீ பார்க்கத் தெரிந்த பழைய ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே செய்து, படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்று. படம் இருக்கிறது. ஆனால் அடுத்த தடவை செய்ய ஆள் இல்லை.

பழசை நினைத்து உருகிவிடாமல் இருக்க அடுத்த அறை உதவுகிறது. களிமண்ணோடு கலக்கிற சிக்கிமுக்கிக் கல்லின் தூள் நுரையீரலில் படிந்து இறந்தவர்கள், மெருகுக் கரைசலில் இருந்த ஈயத்தால் மணிக்கட்டு செயலிழந்து தொங்கிப்போன பெண்கள். பகலிலேயே எதிர்ச் சாரி தெரியாத புகை. அந்தப் புகை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மாடியில் ஒரு மூதாட்டி போன் சைனா பூ செய்துகொண்டிருந்தார். உள்ளங்கையில் துளி எண்ணெய், ஒரு சிட்டிகை மண், கட்டை விரலால் ஒரு அழுத்து. ரேகையின் வரிகள் இதழில் நரம்பாகப் பதிகின்றன. அச்சு கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் ரோஜா முடிந்தது. பதினைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தாராம், அப்போது எண்ணிக்கைக்குத்தான் கூலி, அதனால் கைக்கு மெதுவாகச் செய்யத் தெரியாது என்றார். யாருக்காவது கற்றுக் கொடுக்கிறீர்களா என்றேன். "வராங்க. நாலு பூ செஞ்சு பார்த்துட்டு, ரொம்ப அழகா இருக்குன்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க." எனக்கும் ஒன்று செய்யக் கொடுத்தார். முட்டைக்கோஸ் வந்தது. தூக்கிப் போடாமல் தன் பூக்களோடு தட்டில் வைத்துக்கொண்டார், அவ்வளவு நாகரிகம்.

2024-இல் உலகக் கைவினை நகரம் என்ற பட்டத்தை ஸ்டோக்குக்குக் கொடுத்திருக்கிறார்கள். தொழிற்சாலைப் பீங்கான் வேலை நாட்டின் அழிந்துவரும் கைத்தொழில்கள் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊருக்கு. வாசலில் டிக்கெட் கிழித்த இளைஞரிடம் இதைக் கேட்டேன். "பட்டம் நல்லதுதான். ஆனா சூளை எரியறது கேஸ்ல, பில் யாரு கட்டறது?" என்றார். ஊரில் யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் எரிவாயு விலை வந்துவிடுகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு – கிளம்பும் நாள்

ரயிலுக்கு நேரம் இருந்ததால் எட்ரூரியா பக்கம் கால்வாய்க் கரையில் நடந்தேன். கரை மண்ணில் நீலமும் வெள்ளையுமாக உடைந்த சில்லுகள், காலால் கிளறினால் வந்துகொண்டே இருக்கின்றன. இருநூறு வருடமாக ஆலைகள் கொட்டிய கழிவின் மேல்தான் ஊரில் பாதி நிற்கிறது. நாயோடு வந்த ஒருவர், தன் வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கைவிட இதுதான் அதிகம் விளைகிறது என்றார்.

போகிறவர்களுக்கு: ஆலைகளை வார நாட்களில் பாருங்கள், ஆட்கள் வேலை செய்வது அப்போதுதான். வெள்ளி மதியத்துக்கு மேல் பல இடங்களில் கூடம் காலி. ஓட்கேக் கடைகள் பல மத்தியானமே மூடிவிடும். ஊர்களுக்கு நடுவில் நடக்கலாம் என்று வரைபடம் ஆசை காட்டும், எல்லாம் மேடும் பள்ளமும், பஸ்ஸே மேல். செகண்ட்ஸ் வாங்கினால் துணியில் சுற்றுங்கள். கடையில் சுற்றித் தந்த செய்தித்தாளை நம்பிய என் நீலக் கிண்ணம் பர்மிங்ஹாம் வருவதற்குள் காதை இழந்துவிட்டது. பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்று தம்பி எடுத்துக்கொண்டு போனான். முதலில் அடியைத் திருப்பி முத்திரையைப் படித்தான், பிறகு, "இது எவ்வளவு?" என்றான்.